சத்தமில்லாமல் திறக்கும் கத்தி

அன்று அந்த அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மேசையின் தலைமாட்டில், கம்பி போட்ட ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, கத்திக்காரர் சங்கத் தலைவர் காசியானோ. நாற்பத்தாறு வருடம் சாணைக்கல்லின்மேல் குனிந்து முதுகு வளைந்தவர், நாற்காலியில் தலையணை போட்டுத்தான் உட்காருவார். அவருக்கு வலப்பக்கம் இரும்புக்கடை ஒப்தூலியா, கையில் விசிறியோடு. இடப்பக்கம் ஆட்டு வியாபாரி சத்தூரியோ, பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, காலை நீட்டி. கால்மாட்டில், கதவை ஒட்டி, மைக்கூடும் குறிப்பேடுமாகச் செயலாளர் எர்மீனியோ, அதாவது நான். கதவுக்கு வெளியே, மாடிப்படி மேல், காவலாள் லாம்பெர்த்தோ. சாவி அவரிடம்.

மேசைமேல் பதினேழு மடக்குக்கத்திகள், ஒவ்வொன்றிலும் எண் கட்டிய நூல். வெட்டிப் பார்க்க ஒரு ரொட்டி, ஒரு பாலாடைக்கட்டி, ஒரு முலாம்பழம். மண்கூஜாவில் தண்ணீர். ஓரமாகப் பதினேழு உறைகள். எண் வெளியே, செய்தவர் பெயர் உள்ளே, அரக்கு முத்திரையோடு.

கதவு பூட்டியிருந்ததற்குக் காரணம் ஒன்பதாவது விதி. அதை எழுதியவன் நான். இரண்டு வருடம் முன்பு நடுவர்கள் பாதியில் எழுந்து காபி குடிக்கப் போய், காபிக்கடைக்காரரின் தீர்ப்போடு திரும்பி வந்தார்கள். அதனால் இப்படி எழுதினேன்: நால்வரும் ஒருமித்த முடிவுக்கு வர வேண்டும், வென்றவருக்குச் செயலாளர் அங்கேயே கடிதம் எழுதி உறையை ஒட்டிக் கதவுத் துவாரத்தின் வழியே வெளியே தர வேண்டும், காவலாள் அதைப் பதிவுத் தபாலில் சேர்த்து ரசீதோடு வந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். எழுதும்போது தபால் அலுவலகம் ஏழரைக்கு மூடும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஏழரை தாண்டினால் ரசீது மறுநாள் காலைதான். கதவும் அப்படியே.

நான்காவது விதியும் என்னுடையதுதான். ஒரு கத்தியைச் செய்தவர் யாரென்று நடுவரில் ஒருவருக்குத் தெரிந்தாலும் அந்தக் கத்தி போட்டியிலிருந்து விலக்கப்படும். வாக்கெடுப்புக்கு முன் செயலாளர் ஒவ்வொருவரையும் வாய்விட்டுக் கேட்டு, பதிலைக் குறிக்க வேண்டும். கடைசியாகத் தன் பதிலையும்.

பரிசு ஒன்றே ஒன்று: அல்பசெத்தே நகரத்துக் கூட்டுறவுப் பட்டறையில் ஒரு வருடம் ஓர் இருக்கை, தங்க ஓர் அறை. எங்கள் வில்யாசேக்காவிலிருந்து அந்த இருக்கைக்குப் போன யாரும் ஊர் திரும்பியதில்லை. நாற்பத்தைந்து வயது நிறையாதவர்கள் மட்டுமே போட்டியிடலாம்.

ஐந்தரை மணிக்குள் பதினான்கு கத்திகளை ஒதுக்கிவிட்டோம். மிச்சம் மூன்றாம், ஒன்பதாம், பதினான்காம் எண்கள். கீழே திருவிழாச் சந்தையின் பாண்டு வாத்தியம் நாலாவது தடவையாக அதே மெட்டை வாசித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே வந்தது எண்ணெய்ப் பலகாரப் புகை மட்டும்தான், காற்று இல்லை.

சண்டை எப்போதும் வரும் இடத்தில் வந்தது: திறப்பதில்.

எங்கள் ஊர்க் கத்தியில் அலகின் அடியில் பற்கள் உண்டு. திறக்கும்போது கைப்பிடியின் முதுகிலுள்ள எஃகு வில் ஒவ்வொரு பல்லிலும் விழுந்து எழும். கர், கர், கர் என்று ஒலிக்கும். காசியானோ கத்தியை இரண்டு கையாலும் பிடித்து, நகக்குழியில் பெருவிரல் நகத்தைக் கொடுத்து, ஒவ்வொரு பல்லுக்கும் நின்று நின்று திறப்பார். ஜெபமாலை உருட்டுவதுபோல் இருக்கும்.

“நகக்குழியா?” என்றார் ஒப்தூலியா. “தலைவரே, என் கடைக்கு வந்து பாருங்க. கத்தி வாங்க வர்ற பொம்பளைங்க பாதி பேருக்கு நகம் உடைஞ்சு போச்சு. அலகு கொஞ்சம் வெளிய தெரியணும், ரெண்டு விரலால கிள்ளித் தூக்கணும். அவ்வளவுதான்.”

“கிள்ளித் தூக்க அது என்ன கோழி இறகா?”

“ரெண்டு கை எதுக்குங்குறேன்?” என்றார் சத்தூரியோ. “ஒரு கையில ஆடு திமிறிக்கிட்டு நிக்கும். நீங்க ரெண்டு கையாலயும் ஜெபம் பண்ணி முடிக்கிறதுக்குள்ள அது அடுத்த மாகாணத்துல மேயும்.” அவர் ஒன்பதாம் எண்ணை எடுத்து, அலகின் முனையைப் பெல்ட் விளிம்பில் மாட்டி, கையைக் கீழே ஒரு இழு இழுத்தார். கர்ரென்று திறந்துகொண்டது. “பாத்தீங்களா? கை ஒண்ணு மிச்சம்.”

“பெல்ட் கிழிஞ்சுதான் கெடக்கு,” என்றார் ஒப்தூலியா.

“தொப்பையால கிழிஞ்சது அம்மணி. கத்தி மேல பழி போடாதீங்க.”

காசியானோ பதினான்காம் எண்ணை எடுத்தார். கருப்புக் கொம்புக் கைப்பிடி, ஆடம்பரமில்லை. நகத்தைக் கொடுத்துத் திறந்தார். கத்தி திறந்துகொண்டது. சத்தமே இல்லை.

அவர் மூடினார். காதருகே வைத்து மறுபடியும் திறந்தார். பூனை வாயைத் திறப்பதுபோல் திறந்தது.

“பல்லு இல்லாத கிழவனா இது?” என்றார் சத்தூரியோ.

“பல்லு இருக்கு. தெரியுது பாரு. கடிக்க மாட்டேங்குது.” காசியானோ அதை மேசைமேல் என் பக்கம் தள்ளினார். “எர்மீனியோ, நீ பாரு.”

நான் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் பொருந்தியதுமே சுண்டுவிரலுக்குக் கீழே, கொம்புக்குள் பதித்திருந்த ஒரு சிறு எஃகு நாக்கு தட்டுப்பட்டது. பிடியை இறுக்கினால் அது அமுங்கியது. அமுங்கினால் வில் பற்களை விட்டுத் தூக்கிக்கொண்டது. திறந்தேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு மதியமும் எனக்கு எதிரே எப்படி ஒரு கத்தி திறக்குமோ, அப்படியே திறந்தது.

என் தங்கை தொமித்தீலா. வயது நாற்பத்து நான்கு. அம்மா போனபின் பத்தொன்பது வருடமாக நாங்கள் இருவரும்தான் அந்த வீட்டில். நான் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் வேலை. மாலையில் ஊராருக்குக் கடிதம் எழுதித் தருவேன். அவள் வீட்டைப் பார்த்துக்கொள்வாள். மிச்ச நேரத்தில் பின்கட்டுக் கொட்டகையில் பட்டறைகளுக்குக் கைப்பிடி தேய்த்துக் கொடுப்பாள். தன் கத்தியின் வில்லோடு சேர்ந்த வளையத்தை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துச் சத்தமில்லாமல் திறப்பது அவள் வழக்கம். ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. “என் தங்கைக்கு அமைதியாகத் திறப்பதுதான் பிடிக்கும்” என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பெருமையோடு.

போட்டியில் அவள் சேர்ந்தது எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மேசையில் நான் உட்காருவேன் என்பதும், கத்தி என் கைக்கு வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். விதிகளின் நல்ல பிரதியை எடுத்தபோது விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

கத்தியை மூடி மேசைமேல் வைத்தேன். ‘தெரியும்’ என்று நான் சொல்ல வேண்டும். விதி அது. சொன்னால் கத்தி விலக்கப்படும். தொமித்தீலா அல்பசெத்தே போகமாட்டாள். வியாழக்கிழமை வழக்கம்போலக் கொண்டைக்கடலைக் குழம்பு கொதிக்கும், விளக்கில் எண்ணெய் இருக்கும், நான் நேர்மையானவனாகவும் இருப்பேன். நேர்மையான பதிலே எனக்குச் சௌகரியமான பதிலாகவும் இருந்தது. அதுதான் என்னால் வாயைத் திறக்க முடியாமல் செய்தது.

“இது கொலைகாரன் கத்தி,” என்றார் காசியானோ. “நம்ம கத்தி எதுக்குச் சத்தம் போடுது? எதிர்ல நிக்கிறவனுக்குக் கேக்கணும். ‘நான் கத்தியைத் திறக்கிறேன், யோசிச்சுக்கோ’ன்னு அர்த்தம். சத்தமில்லாமத் திறக்கிறவன் எதையோ மறைக்கிறான். இதுக்கு என் ஓட்டுக் கிடையாது.”

“என் கடையில பழம் நறுக்கத்தான் கத்தி வாங்குறாங்க தலைவரே, எதிராளியை நறுக்க இல்ல.”

“எனக்கு இது பிடிச்சிருக்கு,” என்றார் சத்தூரியோ. “கர்ருன்னு சத்தம் கேட்டா ஆடு மிரளும். குடுங்க இங்க.” எட்டி எடுத்தார். அவர் பாணி அவருக்கு: கைப்பிடியை மூன்று விரல் நுனியால் பிடித்து, அலகின் முனையைப் பெல்ட்டில் மாட்டி, இழுத்தார்.

கத்தி அலறியது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. எஃகு எஃகின்மேல் விழுந்து விழுந்து எழும் அந்த ஒலி கூரையில் பட்டுத் திரும்பியது. ஒப்தூலியாவின் விசிறி கீழே விழுந்தது. வெளியே லாம்பெர்த்தோ கதவைத் தட்டி, “உள்ள என்னய்யா நடக்குது? யாரும் யாரையும் குத்திடலையே?” என்றார்.

“இன்னும் இல்ல!” என்று கத்தினார் சத்தூரியோ.

காசியானோ கத்தியை வாங்கி, இம்முறை விரல் நுனியில் பிடித்து, ஒவ்வொரு பல்லாகத் திறந்தார். உதடு அசைய எண்ணினார். “பதினொண்ணு,” என்றார். “நான் ஒன்பதுக்கு மேல வெட்டினதில்ல. ஒவ்வொண்ணும் தனியாக் கேக்குது.” பிறகு இறுக்கிப் பிடித்துத் திறந்தார், சத்தமில்லை. “பிடிக்கிற கையைப் பொறுத்து.”

ஒப்தூலியா விசிறியை எடுத்துத் தூசி தட்டினார். “எனக்கு ஒண்ணுதான் தோணுது. இதைச் செஞ்சவங்க, சத்தம் போடக் கூடாத வீட்ல இருக்காங்க. ஆனா சத்தம்தான் பிடிக்கும். ரெண்டையும் ஒரே கைப்பிடிக்குள்ள வச்சிருக்காங்க.”

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. முலாம்பழத்தைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா இறந்த வருடத்துக் குளிர்காலம் எனக்கு ஞாபகம் வந்தது. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் யாருக்கோ இரங்கல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் அவள் ரொட்டி வெட்டக் கத்தியைத் திறந்தாள். ஏழு பல். “அந்தச் சத்தம் இல்லாமல் திறக்க முடியாதா?” என்று கேட்டேன். தலையைத் தூக்கிக்கூடக் கேட்டிருக்க மாட்டேன். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். மறுநாளிலிருந்து அவள் வளையத்தைத் தூக்கிப் பிடித்தாள். சில மாதங்களில் கேட்டதை நான் மறந்துவிட்டேன். அவளுக்கு அதுதான் பிடிக்கும் என்று மட்டும் மனதில் தங்கிவிட்டது.

“மணி ஆறே முக்கால்,” என்றார் சத்தூரியோ. “ஏழரைக்குத் தபால் ஆபீஸ் மூடிருவாங்க. அந்தக் கூஜாத் தண்ணி முழுசும் என் வயித்துக்குள்ளதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும். நான் பதினாலு.”

“நானும் பதினாலு,” என்றார் ஒப்தூலியா.

“நான் ஒன்பது,” என்றார் காசியானோ.

“பதினோரு பல்லைக் கேட்டப்புறமுமா?” என்றார் ஒப்தூலியா.

“வேலை சுத்தம். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா…” தலையணையைச் சரிசெய்துகொண்டார். முகம் சிவந்திருந்தது. “பரிசு கத்திக்கா, ஆளுக்கா? அல்பசெத்தேயில தனியாப் போய் அவ என்ன பண்ணுவா? இங்க அவளுக்குன்னு ஒரு வீடு இல்லையா? வீட்ல இருக்கிறவன் என்ன பண்ணுவான்?”

பாண்டு வாத்தியம் மெட்டை முடித்திருந்த நேரம் அது. ‘அவ’ என்ற சொல் அந்த அமைதியில் போய் விழுந்தது.

காசியானோ தன் கையைப் பார்த்துக்கொண்டார். சத்தூரியோ கூரையைப் பார்த்தார். அவர்கள் மூவருக்கும் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கருப்புக் கொம்பை அவளுக்கு விற்றது ஒப்தூலியாவின் கடையாகத்தான் இருக்க வேண்டும். கிழவர் தன் எதிர்ப்பை எனக்காகத்தான் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

“தலைவருக்கு வெயில் தலைக்கு ஏறிருச்சு,” என்றார் ஒப்தூலியா மெதுவாக. “செய்தவர்னு சொல்ல வந்து நாக்குப் பிசகிடுச்சு. இல்லையா தலைவரே?”

மூவரும் என் பேனாவைப் பார்த்தார்கள். எதிர்ப்புச் சொல்லும் நடுவரின் வார்த்தைகளை அப்படியே குறிப்பேட்டில் எழுத வேண்டும்; அது ஏழாவது விதி. எழுதி வாசித்துக் காட்டவும் வேண்டும். ‘அவள்’ என்று எழுதினால் கத்தி அந்த இடத்திலேயே விலக்கப்படும். அந்தப் பழிகூட என்மேல் வராது.

நான் எழுதினேன். வாசித்தேன்: “‘செய்தவர் அல்பசெத்தே சென்று தனியே என்ன செய்வார்? இங்கே அவருக்கென ஒரு வீடு இல்லையா? அவ்வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்?’ தலைவர் சொன்னது இதுதானா?”

காசியானோ என்னை நிமிர்ந்து பார்த்தார். “இதுதான்,” என்றார்.

“நான்காவது விதிப்படி கேட்கிறேன். பதினான்காம் எண்ணைச் செய்தவர் யாரென்று தங்களுக்குத் தெரியுமா? ஒப்தூலியா அம்மா?”

“தெரியாது.”

“சத்தூரியோ?”

“எனக்கு ஆட்டைத் தவிர யாரையும் தெரியாது. எழுதுய்யா சீக்கிரம், அடிவயிறு முட்டுது.”

“தலைவரே?”

அவர் கத்தியை மூடி மேசைமேல் வைத்தார். “தெரியாது.”

மிச்சம் என் பெயர். அந்தக் குறிப்பேட்டில் பத்தொன்பது வருட நடவடிக்கை என் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை, ஒரு பொய் இல்லை. என் பெயரை எழுதி, கோடு போட்டு, நிறுத்தினேன். கூரைக்கடியில் வெயில் இறங்கவே இல்லை. சட்டைக் கழுத்துப் பட்டை நனைந்திருந்தது. எழுந்து கதவைத் தட்டி, உடம்பு சரியில்லை என்று சொல்லி வெளியே போய்விட முடியுமா என்று யோசித்தேன். போக முடியாது. அதற்கு நான் விதி எழுதவில்லை.

“எர்மீனியோ,” என்றார் காசியானோ, தாழ்ந்த குரலில். “நல்லா யோசிச்சுக்கோ. எழுதினா மாத்த முடியாது. உனக்கு நாப்பத்தேழு வயசு. ஒரு முட்டை பொரிக்கத் தெரியுமா உனக்கு?”

“தெரியாது,” என்றேன்.

“எது தெரியாது? முட்டையா, ஆளா?” என்றார் சத்தூரியோ.

“ரெண்டும்.”

எழுதினேன். மையின்மேல் ஒற்றுத்தாளை அழுத்தினேன்.

“அப்ப எனக்கும் எதிர்ப்பு இல்ல,” என்றார் காசியானோ. “பதினாலு.” என் ஓட்டையும் அதற்கே குறித்தேன்.

உறையின் அரக்கை உடைத்துப் பெயரை வாசித்தேன். தொமித்தீலாவின் கையெழுத்து சற்றே இடதுபக்கம் சாயும். “அடடா, தொமித்தீலாவா!” என்றார் ஒப்தூலியா. “யாரு நினைச்சா!” சத்தூரியோ சிரிக்கத் தொடங்கி, “சிரிக்க வைக்காதீங்க அம்மணி, இப்ப வேண்டாம்” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மணி ஏழு பத்து. கடிதத்தாளை எடுத்தேன். ஊரில் பாதிப் பேருக்காக நான் எழுதியிருக்கிறேன். படையில் இருக்கும் மகனுக்கு, ஜெர்மனிக்குப் போன கணவனுக்கு, நீதிமன்றத்துக்கு. தங்கைக்கு எழுதியதில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருப்பவளுக்கு எதற்கு எழுத வேண்டும்? ‘பெருமதிப்பிற்குரிய அம்மையீர்’ என்று தொடங்கினேன். படிவம் அப்படி. அக்டோபர் முதல் தேதி காலை எட்டு மணிக்குப் பட்டறையில் ஆஜராக வேண்டும் என்று எழுதினேன். கீழே நடுவர்களின் குறிப்புக்கு ஒரு வரி இடம் உண்டு.

“என்ன எழுத?” என்று கேட்டேன்.

“பதினோரு பல்லும் சுத்தமாக் கேட்டுச்சுன்னு எழுது,” என்றார் காசியானோ.

அதை எழுதினேன். பிறகு, மற்ற மூவரின் கண்ணெதிரே, விதியில் இல்லாத ஒன்றைச் செய்தேன். அதே வரியில் இன்னும் இடம் இருந்தது. ‘செயலாளரும் கேட்டார்’ என்று சேர்த்தேன். ஒப்தூலியா எட்டிப் பார்த்து வாசித்துவிட்டு விசிறியால் முகத்தை மூடிக்கொண்டார்.

நால்வரும் கையெழுத்திட்டோம். மடித்தேன். உறையில் அவள் பெயரையும், அதன் கீழே எங்கள் தெருவையும் எண்ணையும் எழுதினேன். அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையை அழுத்தினேன். ஆறும்வரை வாயால் ஊதினேன். கதவுத் துவாரத்தில் உறையைச் செலுத்தியதும் மறுபக்கம் லாம்பெர்த்தோ பிடித்துக்கொண்டார்.

உறையைத் திருப்பும் ஒலி கேட்டது. விலாசத்தைப் படிக்கிறார் என்று தெரிந்தது.

“செயலாளரே, இது உங்க வீடு இல்ல? போற வழிதான். கையிலயே குடுத்துட்டு வந்துரட்டா?”

“பதிவுத் தபால்ல போடுங்க, லாம்பெர்த்தோ.”

“வியாழக்கிழமைதான வரும்? அதுவரைக்கும் நீங்க அந்த வீட்ல வாயைத் திறக்காம…”

“மணி ஏழு இருபத்தி ரெண்டு!” என்று அலறினார் சத்தூரியோ. “ஓடுய்யா!”

லாம்பெர்த்தோவின் செருப்பு படிகளில் தடதடவென்று இறங்கியது. தெருக்கதவு சாத்திக்கொண்டது. பாண்டு மறுபடியும் தொடங்கியது. நாங்கள் நால்வரும் அவரவர் இடத்துக்குத் திரும்பி, ரசீதுக்காகக் காத்து உட்கார்ந்தோம்.